கரம் சிரம் புறம் நீட்டாதீர்

பல்லவன் பஸ்களில் ஜன்னலுக்கு மேலே இந்த வாசகம் எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. பஸ் காலி, ரோடும் காலி. டிரைவர் ஆனந்தமாக மிதிப்பார். நான் வாசகத்தை ஒருமுறை படித்துவிட்டுக் கரத்தைப் புறம் நீட்டுவேன்.

உள்ளங்கையைத் தரைக்கு இணையாக வைத்தால் ஒன்றும் ஆகாது. கட்டைவிரல் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் கை தானாக எழும்பும். இன்னும் தூக்கினால் இன்னும் எழும்பும். அந்தச் சந்தோஷத்தில் மேலும் தூக்கினால், எழும்புகிற சமாசாரம் சட்டென்று செத்துப்போய், காற்று கையைப் பின்பக்கம் பிடித்துத் தள்ளும். தோள்பட்டை வலிக்கும்.

"யோவ், கைய உள்ள எடுய்யா! கை போச்சுன்னா யாருய்யா பதில் சொல்றது?" என்பார் கண்டக்டர்.

விமானம் ஏன் பறக்கிறது, ஏன் விழுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் அந்தக் கையிலேயே பதில் இருந்தது. அது எனக்குப் புரிவதற்கு இருபத்தோரு மணி நேரப் பறப்பும், வங்கியில் வாங்கிய சம்பளத்தில் பெரும்பகுதியும், ஒரு ரிடையர்டு ஸ்க்வாட்ரன் லீடரின் வசவுகளும் தேவைப்பட்டன.

இது நடந்தது 1992ல். வங்கியில் கிளார்க் உத்தியோகம். கல்யாணம் ஆகவில்லை. மற்ற பிரம்மச்சாரிகள் சீட்டாடினார்கள், சிலர் சீரியஸாகக் காதலித்தார்கள். நான் பேப்பரில் வந்த நாலு வரி விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஃப்ளையிங் கிளப்பில் போய்ச் சேர்ந்தேன். கிளப்பின் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பெல்லாம் என்னுடையது. கண், காது, இதயம் எல்லாவற்றையும் டாக்டர் பார்த்து, 'இவன் பறக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தார். மூளையை யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன். அந்தக் காலத்தில் எந்தப் பொய்யையும் கம்ப்யூட்டர் கிளாஸுக்குள் அடக்கிவிடலாம்.

"ஞாயித்துக்கிழமை கூடவாடா? அந்த மெஷினுக்கு லீவே கிடையாதா?" என்று அம்மா மட்டும் கவலைப்பட்டாள்.

விமானத்தை முதல் முதலாகப் பார்த்தபோது பெரிய ஏமாற்றம். செஸ்னா 152. இரண்டே இரண்டு சீட்டு. காலி எடை ஐந்நூறு கிலோ கூட இல்லை. 110 குதிரைசக்தி எஞ்சின். கதவைச் சாத்தினால் ஃபிரிட்ஜ் கதவு மாதிரி சத்தம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த ஸ்க்வாட்ரன் லீடரின் தோள் என் தோளை இடித்தது. ஷேர் ஆட்டோவில் கூட இதைவிட இடம் உண்டு.

"என்ன தம்பி, மூஞ்சி தொங்கிப் போச்சு? ஜம்போ ஜெட் எதிர்பார்த்தியா?"

"இல்ல சார்... இது நிஜமாவே நம்ம ரெண்டு பேரையும் தூக்குமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, தன் உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டார். நாம் இரண்டு பேர், பெட்ரோல், எல்லாம் சேர்த்து இது அதிகபட்சம் 757 கிலோ. இறக்கையின் பரப்பு 160 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர அடி இறக்கை தூக்க வேண்டியது ஐந்து கிலோவுக்கும் குறைவு. ஒரு சின்ன அரிசிப் பை.

"நீயும் நானும் உக்காந்திருக்கோமே, நம்ம மேல காத்து ஒவ்வொரு சதுர அடிக்கும் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோ அழுத்திக்கிட்டு இருக்கு. எல்லாப் பக்கமும் சமமா அழுத்தறதால தெரியல. இறக்கைக்கு மேல அந்த ஆயிரத்துல ஒரு அஞ்சு கிலோவை மட்டும் குறைச்சாப் போதும். அரை பர்சென்ட். உங்க பேங்க்ல சர்வீஸ் சார்ஜே அதைவிட ஜாஸ்தி."

அந்த அரை சதவீதத்தை எப்படிக் குறைப்பது? எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். இறக்கையின் மேல்பக்கம் வளைவு, அதனால் மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகிற காற்றோடு வால்பக்கம் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டுமே என்று வேகமாக ஓடுகிறது, வேகம் கூடினால் அழுத்தம் குறையும், பெர்னூலி, முற்றும். மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"ஏன்யா, ஒரே நேரத்துல போய்ச் சேரணும்னு அதுக்கு என்ன முகூர்த்தமா வெச்சிருக்கு?" என்றார்.

யோசித்தால் நியாயம்தான். பிரிந்துபோன காற்றுத் துணுக்குகள் மறுபடி சந்தித்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. சந்திப்பதும் இல்லை. மேலே போகிற காற்று முந்திக்கொண்டு போய்விடுகிறது. கேம்பிரிட்ஜில் பாபின்ஸ்கி என்ற பேராசிரியர் 2003ல் காற்றில் புகையை விட்டு விட்டுப் பாய்ச்சிப் படம் பிடித்தே காட்டிவிட்டார். மேல்பக்கத்தில் வேகம் கூடுவதும் அழுத்தம் குறைவதும் நிஜம். அதற்குச் சொல்லப்படும் அந்தக் காரணம்தான் டூப். ஆனாலும் இன்றைக்கும் பல பாடப் புத்தகங்களில் அந்த முகூர்த்தக் கதை உயிரோடு இருக்கிறது.

நிஜத்தில் இறக்கை செய்கிற வேலையை உங்கள் ஆபீஸ் சீலிங் ஃபேனில் பார்க்கலாம். (சுற்றினால்.) அதன் தகடுகள் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. சாய்வினால் காற்றைக் கீழே தள்ளுகின்றன. காற்றைக் கீழே தள்ளினால் காற்று தகட்டை மேலே தள்ளியாக வேண்டும், நியூட்டன் விடமாட்டார். விமான இறக்கையும் வருகிற காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. பெர்னூலி, நியூட்டன் இருவரும் ஒரே விஷயத்தை இரண்டு பாஷையில் சொல்கிறார்கள். பஸ் ஜன்னலில் என் கை செய்ததும் அதுதான். கைக்கு எந்த வளைவும் கிடையாது, சாய்வு மட்டும்தான்.

இந்தச் சாய்வுக்கு 'ஆங்கிள் ஆஃப் அட்டாக்' என்று பெயர். ஏதோ கராத்தே மாதிரி இருக்கிறது. தமிழில் தாக்குகோணம் என்று வைத்துக்கொள்ளலாம். இது தரைக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள கோணம் அல்ல. எதிரே வருகிற காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே உள்ளது. எனக்கு வெகுநாள் குழப்பிய இடம் இது. மழை நேர்செங்குத்தாகப் பெய்கிறது. நீங்கள் சைக்கிளை மிதிக்கிறீர்கள். மழை முகத்தில் சாய்ந்து அடிக்கிறது. மழையைக் கேட்டால் 'நான் நேராகத்தான் பெய்கிறேன்' என்று சொல்லும். அதே மாதிரி, விமானம் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் அதற்குக் காற்று கீழேயிருந்து வருகிறது. மூக்கு சமமாக இருந்தாலும் தாக்குகோணம் எக்கச்சக்கமாக இருக்கலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணால் பார்த்துத் தெரியாது.

இனி ஓட்டுகிற கதை. எதிரே கார் மாதிரி ஒரு ஸ்டியரிங். பாதிதான் இருக்கும், யாரோ கடித்துவிட்டுப் போன முறுக்கு மாதிரி. தரையில் ஓடும்போது அதைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. காலில் இருக்கிற இரண்டு பெடல்களால்தான் திருப்ப வேண்டும். முதல் நாள் நான் ஸ்டியரிங்கை வலதுபக்கம் முழுக்கத் திருப்பிக்கொண்டு, விமானம் இடதுபக்கப் புல்தரையை நோக்கிப் போவதை ஆச்சரியத்துடன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது உங்க சித்தப்பா அம்பாசடர் இல்ல, தம்பி. காலை யூஸ் பண்ணு, காலை!"

மேலே போனதும் ஸ்டியரிங்குக்கு வேலை வரும். இடதுபக்கம் திருப்பினால் இடது இறக்கை முனையில் உள்ள எய்லரான் என்ற பலகை எழும்பும், வலது இறக்கையில் உள்ளது இறங்கும். விமானம் இடப்பக்கம் சாயும். சாய்ந்தால் இறக்கையின் தூக்குவிசையும் சாய்ந்து, விமானத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். விமானம் திரும்புவது இப்படித்தான். சைக்கிளில் சாய்ந்து வளைகிற மாதிரி.

ஆனால் முதல் விநாடியில் ஒரு வேடிக்கை. இடதுபக்கம் சாய்த்தால் மூக்கு லேசாக வலதுபக்கம் போகும்! ஏனென்றால் வலது இறக்கை அதிகம் தூக்குகிறது. அதிகம் தூக்குகிற இறக்கையைக் காற்று அதிகமாகப் பின்னுக்கு இழுக்கும். அதைச் சரிசெய்யத்தான் வாலில் இருக்கும் ரடர், அதற்குத்தான் கால் பெடல். ரைட் சகோதரர்கள் 1901ல் தங்கள் கிளைடரில் இந்த வேடிக்கையில் மாட்டிக்கொண்டு வெறுத்துப்போனார்கள். 1902ல் அசைகிற ரடரை வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. எஞ்சின் பிறகு வந்தது. 1903 டிசம்பர் 17ம் தேதி அவர்கள் பறந்த முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி. ஜம்போ ஜெட்டின் ஒரு இறக்கை முனையிலிருந்து மறு முனை வரை அதைவிட நீளம். சைக்கிள் கடைக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த பெரிய விஷயம் எஞ்சின் இல்லை. எப்படிச் சாய்ப்பது, எப்படித் திருப்புவது என்பதுதான் என்று ஸ்க்வாட்ரன் லீடர் சொல்வார். சொல்லும்போது மட்டும் குரலில் மரியாதை இருக்கும்.

டேஷ்போர்டில் வளைந்த கண்ணாடிக் குழாயில் ஒரு கறுப்புப் பந்து உண்டு. கால் ஒத்துழைத்தால் அது நடுவில் நிற்கும். என்னுடையது நின்றதே இல்லை. "பந்து எந்தப் பக்கம் ஓடுதோ அந்தக் காலை மிதி" என்பது பாடம். நான் யோசித்து மிதிப்பதற்குள் அது மறுபக்கம் போய்விடும்.

மூன்றாவது, எலிவேட்டர். ஸ்டியரிங்கை இழுத்தால் மூக்கு மேலே, தள்ளினால் கீழே. பெயர் எலிவேட்டர் என்றாலும் அது தூக்குவதில்லை. 1944ல் லாங்கவீஷ என்பவர் 'ஸ்டிக் அண்ட் ரடர்' என்ற புத்தகத்தில் இந்தப் பெயரோடு ஒரு சண்டையே போட்டிருக்கிறார். அது மாற்றுவது தாக்குகோணத்தை, அதன்மூலம் வேகத்தை. தொடர்ந்து மேலே போக வேண்டுமென்றால் எஞ்சின்தான் உழைக்க வேண்டும். எஞ்சினைக் கூட்டாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் விமானம் கொஞ்சம் ஏறும், வேகம் குறையும், பிறகு... அதற்குத்தான் வருகிறேன்.

ஏழாவது பாடமோ எட்டாவதோ. மூவாயிரம் அடி உயரம். கீழே ஏரிகள் கண்ணாடித் துண்டுகள் மாதிரி கிடந்தன. எஞ்சின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இழு" என்றார். இழுத்தேன். "இன்னும்." வேகமுள் இறங்கியது. அறுபது நாட், ஐம்பது. காற்றின் சத்தம் அடங்கிப்போய் ஒரு பயங்கர அமைதி. அப்போது இடதுபக்கத்திலிருந்து ஓர் ஒலி கிளம்பியது. கல்யாண மண்டபத்தில் கச்சேரிக்கு முன்னால் நாதஸ்வரக்காரர் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாரே, அந்த அழுகை.

உவமைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அது சீவாளிதான். செஸ்னாவின் இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை. தாக்குகோணம் எல்லை மீறப் போகும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து ஓட்டை வழியே காற்றை உறிஞ்சும். உள்ளே உள்ள நாக்கு அதிர்ந்து கத்தும். பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. இறக்கை தானே அழுகிறது.

சுமார் நாற்பது நாட்டில், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டரில் (நம்ம ஊர் எக்ஸ்பிரஸ் பஸ் இதைவிட வேகமாகப் போகும்), விமானம் ஒரு நடுக்கம் நடுங்கி மூக்கைக் கீழே போட்டது. வயிறு தொண்டைக்கு வந்தது. இதுதான் ஸ்டால். ஸ்கூட்டர் ஆஃப் ஆகிற மாதிரி எஞ்சின் நிற்பது இல்லை. எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நிற்பது இறக்கையின் உத்தியோகம். தாக்குகோணம் சுமார் 16 டிகிரியைத் தாண்டினால், மேல்பக்கக் காற்றால் வளைந்து ஒட்டிக்கொண்டு வர முடிவதில்லை. பிய்த்துக்கொண்டு சுழல ஆரம்பித்துவிடுகிறது. பஸ் ஜன்னலில் கை ரொம்பச் சாய்ந்ததும் செத்துப்போனதே, அதே.

மூக்கு கீழே போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? விழுகிறவன் என்ன செய்வானோ அதைத்தான். முழு பலத்தோடு இழுத்தேன். விமானம் இன்னும் நடுங்கியது, இன்னும் விழுந்தது.

"விடு! தள்ளு! முன்னால தள்ளு!"

ஏற்கெனவே கண்ணாடி முழுக்கத் தரை தெரிகிறது. தரையைப் பார்த்துத் தள்ளச் சொல்கிறார் மனிதர். அவரே தள்ளினார். கோணம் குறைந்தது, காற்று மறுபடி ஒட்டிக்கொண்டது, எஞ்சினைக் கூட்டினார், இறக்கை உயிர் பெற்றது. மொத்தம் நூற்றைம்பது அடிகூட நாங்கள் இழக்கவில்லை. எனக்கு மட்டும் பத்து மாடி விழுந்த மாதிரி இருந்தது. பிற்பாடு கணக்குப் போட்டேன், கிட்டத்தட்ட சரிதான்.

"இதுல பயம் ஒண்ணும் இல்ல" என்றார். "கைக்கு மட்டும் ஒண்ணைச் சொல்லிக் கொடுத்துடு. விழும்போது தள்ளணும். மூளைக்குச் சொல்லாத, அதுக்கு ஏற்கெனவே தெரியும். கைக்குச் சொல்லு."

எட்டு பத்து தடவை செய்த பிறகு கை கற்றுக்கொண்டது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

தரையிறங்கும் பயிற்சி. ஓடுபாதைக்கு இணையாகப் போய், இடப்பக்கம் ஒரு திருப்பம், பிறகு இன்னொரு இடது திருப்பம் திரும்பினால் ஓடுபாதை நேர் எதிரே வரும். இந்தக் கடைசித் திருப்பம் சுமார் ஐந்நூறு அடி உயரத்தில். அன்று காற்று முதுகுப்பக்கம் தள்ளியது. நான் நினைத்ததைவிட வேகமாக ஓடுபாதையின் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

செய்ய வேண்டியது சுலபம். 'இந்தத் தடவை சரியில்லை' என்று எஞ்சினைக் கூட்டி மேலே போய் இன்னொரு சுற்று வருவது. ஆனால் பக்கத்தில் ஸ்க்வாட்ரன் லீடர். அடுத்த வாரம் தனியாக அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். ரொம்பச் சாய்க்கவும் பயம். தரைக்குப் பக்கத்தில் அதிகம் சாய்க்காதே என்று பாடம். அறுபது டிகிரி சாய்ந்து உயரம் இழக்காமல் திரும்பினால் விமானத்தின் எடை இரண்டு மடங்கு ஆன மாதிரி. நாற்பதில் நடக்கிற ஸ்டால் ஐம்பத்தேழு நாட்டிலேயே நடக்கும். அதனால் சாய்க்காமல், யாருக்கும் தெரியாமல், இடது பெடலைக் கொஞ்சம் மிதித்தேன். மூக்கு திரும்பியது. அந்த வேகத்தில் வலது இறக்கை எழும்ப ஆரம்பித்தது. அதை அடக்க ஸ்டியரிங்கை வலதுபக்கம் திருப்பினேன். மூக்கு கீழே இறங்கியது. இழுத்தேன்.

மூன்றும் சின்னச் சின்ன அசைவுகள். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கூட்டிப் பாருங்கள். உள்பக்கம் இருக்கிற இடது இறக்கை ஏற்கெனவே மெதுவாகப் போகிறது. நான் ஸ்டியரிங்கை வலதுபக்கம் திருப்பியதால் இடது எய்லரான் கீழே இறங்கி அந்த இறக்கையின் தாக்குகோணத்தைக் கூட்டுகிறது. இழுப்பதால் இன்னும் கூடுகிறது. அது ஸ்டால் ஆகி, மற்றது ஆகாமல் இருந்தால் விமானம் இடப்பக்கம் புரண்டு பம்பரமாகும். மூவாயிரம் அடியில் அதிலிருந்து மீளலாம். ஐந்நூறு அடியில் மீள இடம் கிடையாது. உலகம் முழுக்க எத்தனையோ பேர் இந்தத் திருப்பத்திலேயே போயிருக்கிறார்கள்.

இடது இறக்கையில் சீவாளி அழ ஆரம்பித்தது.

எனக்குக் கேட்டது. அது என்ன என்று தெரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்தது. என் கை இழுத்துக்கொண்டே இருந்தது. இதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. தெரியாமல் செய்யவில்லை. தெரிந்து, கேட்டு, இழுத்தேன்.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்." கத்தவில்லை, டீ சொல்கிற மாதிரி சொன்னார். ஸ்டியரிங் என் பிடியையும் சேர்த்துக்கொண்டு முன்னால் போனது. தரை வந்தது, எஞ்சின் உறுமியது, இறக்கைகள் சமமாயின. சரசரவென்று தென்னை மரங்கள் கீழே நழுவின. இறங்கியபின் கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"எல்லாருக்கும் நடக்கறதுதான். இன்னும் நாலு தடவை மேல போய் ஸ்டால் பண்ணுவோம், சரியாயிடும்" என்றார்.

மூன்று ஞாயிறு போனேன். அந்தத் திருப்பம் வரும்போது கை வியர்க்கும். நாலாவது ஞாயிறு, தங்கைக்கு வரன் அமைந்துவிட்டது, செலவு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு லாக்புக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 21 மணி 10 நிமிஷம். தனியாகப் பறந்தது: பூஜ்யம்.

2009 ஜூன் 1ம் தேதி ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேர். கடலடியிலிருந்து பெட்டிகளை எடுக்க 2011 ஆயிற்று. 2012ல் அறிக்கை வந்தது. வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்து ஆட்டோபைலட் கழன்றுகொள்ள, ஓட்டியவர் மூக்கைத் தூக்கினார். 38,000 அடி வரை ஏறி, ஸ்டால் ஆகி, மூன்றரை நிமிஷத்தில் கடல். தாக்குகோணம் 35 டிகிரிக்கு மேல். கடலைத் தொட்டபோது கூட மூக்கு 16 டிகிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு மேலே இருக்கிறது, எஞ்சின்கள் ஓடுகின்றன, பிறகு ஏன் விழுகிறோம் என்று அவர்களுக்கு விளங்கவே இல்லை. அதே வருஷம் பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ பக்கத்தில் இன்னொன்று. எச்சரிக்கை வந்ததும் கேப்டன் இழுத்தார், 50 பேர். 'எப்படி இழுக்கலாம்?' என்று ஆபீஸில் எல்லாரும் கேட்டார்கள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு கேஷ் எண்ணப் போனேன்.

இத்தனையும் இப்போது எதற்கு? அந்தத் தங்கையின் பையன் இப்போது வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். போன மாதம் தனியாகப் பறந்துவிட்டான். செஸ்னா 172. கண்ணாடியில் ஒரு சின்ன கேமராவை ஒட்டி, தரையிறங்குவதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். மாலை, கைதட்டல், தேங்காய் எல்லாம் வந்து குவிந்தன. சித்தி ஒருத்தி விநாயகர் படமே அனுப்பினாள்.

நான் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். கடைசித் திருப்பம். பையன் ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறான். அடியில் மெலிதாக, இரண்டே விநாடி, சீவாளி.

உடனே போன் பண்ணினேன்.

"மாமா! பாத்தீங்களா? சூப்பர்ல?"

"டேய், திரும்பும்போது ஹார்ன் வந்துது."

"அது லேண்டிங்ல எப்பவும் வரும் மாமா. வந்தாத்தான் நல்ல லேண்டிங்."

"சக்கரம் தொடும்போது வரணும். திருப்பத்துல வரக்கூடாது. பந்து எங்க இருந்துது?"

பதில் இல்லை.

"கோட்டைத் தாண்டிட்டியா?"

"...கொஞ்சம். ரடர் கொடுத்துச் சரி பண்ணிட்டேன் மாமா."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "கை என்ன பண்ணிச்சு?"

"என்ன மாமா?"

"ஹார்ன் வந்தப்ப உன் கை தள்ளிச்சா, இழுத்துச்சா?"

வெகுநேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "தெரியல மாமா. கேட்டுதான்னே ஞாபகம் இல்ல" என்றான்.

அப்போதுதான் சொன்னேன். கம்ப்யூட்டர் கிளாஸ், ஐந்நூறு அடி, தென்னை மரங்கள், டீ எல்லாம். நாளைக்கே இன்ஸ்ட்ரக்டரிடம் இந்தப் படத்தைக் காட்டு, திட்டுவார், திட்டட்டும், அவரோடு மேலே போய்க் கை வலிக்கிற வரைக்கும் ஸ்டால் பண்ணு என்றேன். கோட்டைத் தாண்டினால் சரிக்கட்டாதே, இன்னொரு சுற்று வா. பெட்ரோல் காசை வேண்டுமானால் நான் தருகிறேன் என்றேன்.

"மாமா, அம்மா கல்யாணத்துக்காகத்தான் நீங்க ஃப்ளையிங்கை விட்டீங்கன்னு அம்மா இன்னிவரைக்கும் அழுவாங்களே?"

"உங்கம்மா கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு கிரைண்டர்டா. அதுவும் தவணையில."

சிரித்தான். நானும்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு படம் வந்தது. குழுவில் இந்தத் தடவை கைதட்டல் குறைவு, பழகிவிட்டது போல. நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். முதல் தடவை கோட்டைத் தாண்டுகிறான். தாண்டியதும் எஞ்சின் உறுமல், ஓடுபாதை கீழே போய்விடுகிறது. இரண்டாவது சுற்று. திருப்பம் முழுக்கக் காற்றுச் சத்தம் மட்டும். ஓடுபாதை பெரிதாகிக்கொண்டே வந்து, கோடுகள் அடியில் ஓடி, சக்கரம் தொடுவதற்கு ஒரு விநாடி முன்னால் அது அழுதது.

மறுபடி போட்டேன். மறுபடி. தங்கை வந்து எதிரே காபியை வைத்தாள்.

"என்னண்ணா, காலைலேர்ந்து திருப்பித் திருப்பிக் கேக்கறே, பாட்டா?"

"ம். நாதஸ்வரம்."